ஓட்டமா, சைக்கிளோட்டமா? உடற்தகைமைக்கு ஏற்ற பயிற்சியைத் தெரிதல்

சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் மாணவர்கள் வீணாகப் புள்ளிகளை இழக்கும் வினாக்களுள் "பொருத்தமான பயிற்சியைத் தெரிந்து காரணம் தருக" என்னும் வகையும் ஒன்றாகும். ஓட்டம், சைக்கிளோட்டம் ஆகிய இரண்டையும் தந்து ஒன்றைத் தெரியும்படி கேட்டால், பலர் எழுதும் விடை "இரண்டும் உடலுக்கு நல்லவை" என்பதாகும். இது பிழையன்று, ஆனால் கேட்ட வினாவுக்கு விடையும் அன்று. பயிற்சி யாருக்கு, எந்த நோக்கத்துக்கு, எவ்வளவு கடுமையாக என்பவற்றைக் கொண்டே தெரிவு அமைய வேண்டும்.

இவ்விடயம் பரீட்சை மண்டபத்துடன் முடிவதும் அன்று. தரம் 10, 11 இல் கற்கும் உங்கள் உடலில் என்புகள் இப்போதுதான் திணிவைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. அதே காலத்தில்தான் பாடசாலை, தனியார் வகுப்பு, இரவுப் படிப்பு என்று நாளின் பெரும்பகுதி கதிரையில் கழிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமானது முதல் கடுமையானது வரையான உடற்செயற்பாட்டில் ஈடுபட வேண்டும். கடுமையான செயற்பாடுகளும், தசையையும் என்பையும் வலுப்படுத்தும் செயற்பாடுகளும் கிழமைக்குக் குறைந்தது 3 நாட்கள் இடம்பெற வேண்டும் எனவும் அது கூறுகிறது. இந்த இரண்டாவது பகுதியை, குறிப்பாக என்பு பற்றிய சொல்லை, நினைவில் வைத்திருங்கள். பின்னர் அது தேவைப்படும்.

எந்த ஓட்டம்?

"ஓட்டம்" என்ற சொல்லை விடையில் எழுதுமுன் எந்த ஓட்டம் என்று தெளிவாக்குக. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் இறுதிப் போட்டியை 22.28 செக்கன்களில் ஓடி முடித்தார். அவ்வாறான குறுந்தூர ஓட்டத்தில் தசைகளுக்குத் தேவையான சக்தியின் பெரும்பகுதி ஒட்சிசன் இன்றியே பெறப்படுகிறது. நாம் இங்கு பேசுவது 20, 30 நிமிடங்கள் இடைவிடாது தொடரும் மெதுவான ஓட்டம் பற்றியதாகும். இதில் சக்தி பெரும்பாலும் காற்றுவாழ் சுவாசத்தினால் கிடைக்கிறது. இதயம், நுரையீரல் ஆகியவற்றின் தாங்குதிறன் விருத்தியடைவதும் இவ்வகை ஓட்டத்தினாலேயே. சைக்கிளோட்டத்துக்கும் இது பொருந்தும்.

கிலோமீற்றருக்கா, நிமிடத்துக்கா?

மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. ஒருவர் ஒரு கிலோமீற்றர் ஓடும்போது உடற்திணிவின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி சக்தி செலவாகிறது. எனவே 50 கிலோகிராம் திணிவுடைய மாணவர் ஒருவர் 4 கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 200 கிலோகலோரி (ஏறத்தாழ 840 கிலோயூல்) செலவாகும். சமதரையில் அதே தூரத்தைச் சைக்கிளில் மெதுவாகக் கடந்தால் அதன் மூன்றிலொரு பங்களவே செலவாகும்.

காரணம் என்ன? ஓடுபவர் ஒவ்வோர் அடியிலும் தம் உடலைச் சிறிது உயர்த்தி, மீண்டும் இறக்கி, நிலத்தில் பாதம் படும்போது சற்றுத் தடைப்பட்டு, மறுபடியும் முன்னே தள்ள வேண்டியுள்ளது. சைக்கிளில் உடலின் நிறையை இருக்கை தாங்குகிறது. சில்லின் உருளல் உராய்வு மிகச் சிறியது. மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி சிறிது தூரம் ஓடும். 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் மின்சாரமின்றி இருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்ட கதையை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கையால் சுற்றியே தொடர்ந்து இயக்கக்கூடிய அளவுக்கு அந்தச் சில்லு இலகுவாகச் சுழல்கிறது என்பதையும் அக்கதையில் கவனிக்கலாம்.

ஆகவே சைக்கிளோட்டம் பயனற்ற பயிற்சி என்று முடிவுசெய்துவிடலாமா? கூடாது. இங்கேதான் அலகைப் பார்க்க வேண்டும். மேலே ஒப்பிட்டது ஒரே தூரத்தை. பயிற்சிக்கு நாம் ஒதுக்குவதோ நேரத்தை. அதே 50 கிலோகிராம் மாணவர் 30 நிமிடம் பயிற்சி செய்வதாகக் கொள்வோம். மணிக்கு 8 கிலோமீற்றர் கதியில் ஓடினால் 4 கிலோமீற்றர் செல்வார். செலவு ஏறத்தாழ 200 கிலோகலோரி. மணிக்கு 12 கிலோமீற்றர் கதியில் சைக்கிளில் சென்றால் 6 கிலோமீற்றர் செல்வார். செலவு ஏறத்தாழ 100 கிலோகலோரி மட்டுமே. மணிக்கு 20 கிலோமீற்றர் கதியில் அதே 30 நிமிடமும் மிதித்தால் 10 கிலோமீற்றர் செல்வார். செலவு மீண்டும் ஏறத்தாழ 200 கிலோகலோரி, அதாவது ஓட்டத்துக்குச் சமன்.

கதி 12 இலிருந்து 20 ஆக உயர்ந்தபோது செலவு இரட்டிப்பானதற்குக் காரணம் வளித்தடையாகும். வளித்தடை விசை கதியின் வர்க்கத்துக்கு விகிதசமமாகக் கூடுகிறது. கதி இருமடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான வலு எட்டு மடங்காகும். சோளகக் காற்றுக்கு எதிராகப் பாடசாலைக்குச் சென்று, காற்றோடு வீடு திரும்பியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி உங்கள் அன்றாடச் சைக்கிள் பயணத்தை நேர்மையாக எண்ணிப் பாருங்கள். வகுப்பு முடிந்து இரண்டு பேர் சோடியாக, கதைத்துக்கொண்டு, சந்திக்குச் சந்தி நின்று வருகிறீர்கள். "நான் ஒவ்வொரு நாளும் 8 கிலோமீற்றர் சைக்கிள் ஓடுகிறேன், எனக்கு வேறு பயிற்சி தேவையில்லை" என்று கூறும் மாணவர் தூரத்தைச் சரியாகச் சொல்கிறார், கடுமையை மறந்துவிடுகிறார்.

கடுமையை அளத்தல்

கடுமையை அறியும் இலகுவான வழி நாடித்துடிப்பாகும். உச்ச இதயத் துடிப்பு வீதத்தை 220 இலிருந்து வயதைக் கழித்துப் பெறலாம். 16 வயதினருக்கு அது நிமிடத்துக்கு 204 ஆகும். இது ஒரு மதிப்பீடே, ஆளுக்காள் வேறுபடும். தாங்குதிறனை விருத்திசெய்ய, பயிற்சியின்போது நாடித்துடிப்பு இதன் 60% முதல் 80% வரையான எல்லையில், அதாவது நிமிடத்துக்கு 122 இற்கும் 163 இற்கும் இடையில் இருத்தல் விரும்பத்தக்கது. பயிற்சியை நிறுத்தியவுடன் மணிக்கட்டில் விரல்களை வைத்து 15 செக்கன்கள் எண்ணி 4 ஆல் பெருக்குக. தாமதித்தால் துடிப்பு விரைவாகக் குறைந்து பிழையான பெறுமானம் கிடைக்கும். கடிகாரம் இல்லையாயின், மிதமான பயிற்சியில் பேச முடியும், பாட முடியாது. கடுமையான பயிற்சியில் சில சொற்களுக்கு மேல் பேச மூச்சு இடம் தராது.

ஓட்டத்தில் சாதாரணமாகவே இந்த எல்லைக்குள் வந்துவிடுவீர்கள். சைக்கிளில் வர வேண்டுமானால் முயற்சி எடுத்து மிதிக்க வேண்டும். ஒரே நபர் முழு முயற்சியுடன் இரண்டையும் செய்தாலும், சைக்கிளில் எட்டும் உச்சத் துடிப்பு ஓட்டத்தில் எட்டுவதைவிடப் பொதுவாகச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஏனெனில் சைக்கிளில் பெரும்பாலும் கால் தசைகளே வேலை செய்கின்றன.

என்பும் மூட்டும்

ஓடும்போது பாதம் நிலத்தில் படும் ஒவ்வொரு தடவையும் உடல் நிறையின் 2 முதல் 3 மடங்கு வரையான விசை உடலைத் தாக்குகிறது. 50 கிலோகிராம் மாணவருக்கு இது 1000 முதல் 1500 நியூற்றன் ஆகும். 30 நிமிட ஓட்டத்தில் இவ்வாறு ஏறத்தாழ 4,800 அடிகள். இதைக் கேட்டவுடன் "ஓட்டம் மூட்டைத் தேய்த்துவிடும்" என்று எழுதிவிடாதீர்கள். ஆரோக்கியமான ஒருவர் மிதமாக ஓடுவதால் முழங்கால் தேய்ந்துவிடுவதில்லை. மாறாக, என்பு உயிருள்ள இழையம் என்பதால் தாக்கத்துக்கு ஏற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்கிறது. வாழ்நாள் முழுவதற்குமான என்புத் திணிவின் பெரும்பகுதி 20 வயதுக்கு முன்னரே சேர்ந்துவிடுவதால், கட்டிளமைப் பருவத்தில் ஓடுவதும் துள்ளுவதும் முதுமைக்கு இடும் சேமிப்பாகும். முதுமையில் என்பு நலிவுக்கு அதிகம் ஆளாகின்றவர்கள் பெண்கள் என்பதால் மாணவியருக்கு இது மேலும் முக்கியமானது.

சைக்கிளோட்டம் இவ்விடத்தில் தோற்றுவிடுகிறது. இருக்கை நிறையைத் தாங்குவதால் மூட்டு தப்பிக்கொள்கிறது. அதே காரணத்தால் என்புக்குத் தூண்டல் கிடைப்பதில்லை. பல ஆண்டுகள் வீதிச் சைக்கிளோட்டத்தில் மட்டும் ஈடுபட்ட போட்டியாளர்கள் சிலரின் முள்ளந்தண்டு என்பு அடர்த்தி எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகக் காணப்பட்டுள்ளது.

ஆனால் என்பு வலுப்பெற நாட்கள் தேவை. இரண்டு மாதம் ஓடாதிருந்துவிட்டு, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கையில் தார் வீதியில் நாள்தோறும் ஓடத் தொடங்குபவருக்குக் கீழ்க்காலின் உட்புற என்போரத்தில் நோவு ஏற்படுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். அந்நோவுடன் தொடர்ந்து ஓடினால் என்பில் வெடிப்பும் ஏற்படலாம்.

ஓர் இடைக்குறிப்பு: ஓடிய மறுநாள் ஏற்படும் தசை நோவுக்கு இலத்திக் அமிலம் காரணம் என்று எழுதுவது பழைய வழக்கம். இலத்திக் அமிலம் பயிற்சி முடிந்து ஓரிரு மணித்தியாலங்களுள் அகற்றப்பட்டுவிடுகிறது. மறுநாள் நோவு, தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவுகளுடன் தொடர்புடையது. தசை நீண்டவாறே விசையைத் தாங்கும்போது, உதாரணமாக இறக்கத்தில் ஓடும்போது, இது அதிகமாகும். சைக்கிளில் அவ்வகைச் சுருக்கம் மிகக் குறைவு என்பதால் மறுநாள் நோவும் குறைவு.

மூன்று மாணவர்கள்

அ என்பவர் 16 வயது மாணவர். திணிவு 78 கிலோகிராம், உயரம் 1.60 மீற்றர். உடற்திணிவுச் சுட்டி 78 ஐ 1.60 இன் வர்க்கத்தால் வகுக்க 30.5 ஆகும். (இவ்வயதினருக்கு இதனை வயதுக்கும் பாலுக்கும் உரிய வளர்ச்சி வரைபுடன் ஒப்பிட வேண்டும், இப்பெறுமானம் அதிலும் மிக உயர்ந்ததே.) இவர் ஓடினால் ஒவ்வோர் அடியிலும் 1560 முதல் 2340 நியூற்றன் விசையைத் தாங்க வேண்டும். பயிற்சிக்குப் பழகாத கால்களுக்கு இது அதிகம். எனவே சைக்கிளோட்டத்தில் தொடங்கி, விரைவு நடையைச் சேர்த்து, சில மாதங்களின் பின் ஓடவும் நடக்கவும் மாறிமாறிச் செய்வது பொருத்தமானது. சைக்கிளில் தூரத்தைவிட, இடைவிடாது மிதிக்கும் நிமிடங்களையே கூட்டிச்செல்ல வேண்டும்.

ஆ என்பவர் அதே வயது மாணவி. திணிவு 48 கிலோகிராம், உயரம் 1.60 மீற்றர். நாள்தோறும் 4 கிலோமீற்றர் சைக்கிளில் பாடசாலைக்குச் சென்று திரும்புகிறார். இவருக்கு மேலும் சைக்கிளோட்டத்தை விதந்துரைப்பது சிறந்த விடையாகாது. கிழமைக்கு 3 நாட்கள் பாடசாலை மைதானத்தில் மெதுவோட்டமும் கயிறடித்தலும் சேர்ந்தால் என்புக்கு உரிய தாக்கமும் இதயத்துக்கு உரிய கடுமையும் கிடைக்கும்.

இ ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் வசிப்பவர். சைக்கிள் இல்லை, இருந்தாலும் அச்செங்குத்தான, வளைவுகள் நிறைந்த பாதைகளில் பயிற்சிக்கு ஏற்றதன்று. இவருக்கு ஏற்றத்தில் விரைவாக நடப்பதே நாடித்துடிப்பை எல்லைக்குக் கொண்டுவரும். ஓட்டத்தை மட்டமான மைதானத்துக்கு ஒதுக்கி, இறக்கத்தில் நடந்து வருவது முழங்காலுக்கு நல்லது. தரப்பட்ட இரண்டில் ஒன்றை மட்டும் தெரியும்படி வினா வற்புறுத்தினால் ஓட்டம் என்று எழுதி, இடத்தைக் காரணமாகக் காட்டுக.

பயிற்சியைத் தொடங்குவோருக்கு

ஓடுவதாயின் புல்தரை அல்லது மண்தரை, அடிப்பகுதி தேயாத சப்பாத்து, வெயில் ஏறுவதற்கு முந்திய காலை வேளை. முதற்கிழமை 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை என மாறிமாறி 20 நிமிடம் போதும். சைக்கிளாயின் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். நம்மிற் பலர் அப்பாவினதோ அண்ணாவினதோ சைக்கிளை அதே உயரத்தில் ஓட்டுகிறோம். இருக்கை அதிகம் பதிந்திருந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். அதிகம் உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். பிறேக்கும் இரவில் விளக்கும் இன்றிப் பயிற்சி இல்லை. நெஞ்சு நோ, மயக்கம், வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி வைத்தியரை நாட வேண்டும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் தொடங்குமுன்னரே கேட்டறிதல் வேண்டும்.

முன்னேற்றத்தை அறிய, காலையில் எழுந்தவுடன் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வாருங்கள். 8 முதல் 12 கிழமைகளில் அது சில துடிப்புகள் குறையலாம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் குருதியின் கனவளவு கூடுவதே இதற்குக் காரணம்.

பயிற்சி வினாக்கள்

1. 60 கிலோகிராம் திணிவுடைய 15 வயது மாணவர் ஒருவர் 5 கிலோமீற்றர் ஓடுகிறார். அவரது சக்திச் செலவையும், பயிற்சியின்போது நாடித்துடிப்பு இருக்க வேண்டிய எல்லையையும் கணிக்குக. (விடை: ஏறத்தாழ 300 கிலோகலோரி, நிமிடத்துக்கு 123 முதல் 164 வரை)

2. மேலே கூறிய மாணவி ஆ, தாம் செல்லும் பாதையில் சைக்கிளை மணிக்கு 20 கிலோமீற்றர் கதியில் ஓட்டத் தொடங்குகிறார். இனி அவருக்கு ஓட்டம் தேவையில்லை எனத் தோழி கூறுகிறார். இக்கூற்றின் எப்பகுதி சரியானது, எப்பகுதி பிழையானது எனக் காரணத்துடன் எழுதுக.