இரு மொழி கற்கும் மூளை

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அங்குப் பாறசாலை முதலிய எல்லைக் கிராமங்களில் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உள்ளன. வீட்டில் "அவன் வந்தான், அவள் வந்தாள்" எனக் கேட்டு வளரும் குழந்தை, பள்ளியில் இருபாலர்க்கும் "வந்நு" என்ற ஒரே மலையாளச் சொல்லைக் கேட்கிறது. இவ்விரண்டையும் அதன் மூளை எங்ஙனம் பயில்கிறது?

மூளையில் கோடானுகோடி நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. சேர்ந்து தொழிற்படும் அணுக்களின் இணைப்பு வலுப்பெறும் என்று கனடா நாட்டு அறிஞர் டொனால்டு ஹெப் 1949இல் கூறினார். இவ்வமைப்பைப் பின்பற்றி அறிஞர்கள் கணிப்பொறியில் மாதிரி நரம்பு வலைகளை ஆக்கியுள்ளனர். வலை கூறும் விடை பிழையாயின், இணைப்புகளின் வலிமை சிறிது சிறிதாகத் திருத்தப்படுகிறது. விதியை எவரும் புகட்டுவதில்லை. எடுத்துக்காட்டுகள் பல கண்டு வலை தானே ஒழுங்கை அறிகிறது. இலக்கணம் கல்லாத குழந்தையும் "வந்தான்", "வந்தாள்" எனப் பிழையின்றிப் பேசுவதை நாம் இங்கே நினைவுகூரலாம்.

இம்முறையில் ஓர் இடரும் உண்டு. 1989இல் மக்லாஸ்கி, கோகன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஒரு வலைக்கு ஒன்றைக் கூட்டும் கணக்குகளைக் கற்பித்தனர். பின்னர் இரண்டைக் கூட்டும் கணக்குகளை மட்டும் கற்பித்தனர். முன்னர்க் கற்றது விரைவில் அழிந்தது. பழைய பாடத்தைத் தாங்கிய இணைப்புகளையே புதிய பாடம் மாற்றிவிட்டமையே காரணம். பழையதையும் புதியதையும் மாறி மாறிப் பயிற்றினால் இரண்டும் நிலைக்கும் என மக்லெல்லண்டு முதலியோர் 1995இல் விளக்கினர்.

மனித மூளை இம்மாதிரியைப் போல் அத்துணை விரைவில் மறப்பதன்று. எனினும், 3 முதல் 8 வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துச் சென்று வளர்ந்த கொரியர் சிலர், தம் தாய்மொழித் தொடர்களை இனங்காணவும் இயலாதிருந்தனர் என்று 2003இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் நமக்கும் இது பொருந்தும். "முதலில் பள்ளி மொழி படியட்டும், தமிழைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நம்மில் பலர் கருதுகிறோம். இரண்டிற்கும் மூளையில் இடமுண்டு. தமிழுக்கு இடைவெளி விடுதலே தீது. நாள்தோறும் உணவு வேளையில் ஒரு கதை, உறங்குமுன் ஒரு பாட்டு, ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழில் நான்கு வரிக் கடிதம் — இவை போதும், இணைப்புகள் தளராதிருக்க.