கெர்னல் மாட்யூல் ஏற்றப் பிழைகள்

கெர்னல் மாட்யூல் என்பது லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கெர்னலில் சேர்க்கவும் நீக்கவும் கூடிய நிரல்துண்டு ஆகும். வைஃபை, ஒலி, கேமரா போன்றவற்றின் இயக்கிகள் பெரும்பாலும் இந்த வடிவிலேயே வருகின்றன. மாட்யூல் ஏறாதபோது இயக்கி கெட்டுவிட்டதாகக் கருதுவது வழக்கம். ஆனால் மாட்யூலில் எக்குறையும் இல்லாமல், கணினியின் அமைப்புகளே அதைத் தடுப்பதும் உண்டு.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. இது சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் அரசுப் பள்ளி மாணவர் பலருக்கு வீட்டில் இருக்கும் ஒரே கணினி இதுதான். அதில் வேறொரு லினக்ஸ் பதிப்பை நிறுவியபின் வைஃபை மாட்யூல் ஏறாவிட்டால், தீர்வு தேடுவதற்கான இணையமும் கூடவே போய்விடும். அப்போது ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து டெதரிங்கை இயக்கலாம். அதற்கான மாட்யூல்கள் வழக்கமாகக் கெர்னலுடனேயே வருவதால் தனி இயக்கி தேவைப்படாது.

மாட்யூலை ஏற்றும் 'மோட்புரோப்' கட்டளை தரும் பிழைச்செய்தி ஒரே வரிதான். உண்மைக் காரணம் பெரும்பாலும் 'டிமெசெஜ்' காட்டும் கெர்னல் பதிவின் கடைசி வரிகளில் இருக்கும். இதைப் படிக்காமல் இயக்கியை மீண்டும் மீண்டும் நிறுவுவது வீண் வேலை.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபின் பரவிய கணினிகளில் அடிக்கடி காணப்படும் காரணம் செக்யூர் பூட். இது இயங்கும்போது பல லினக்ஸ் பதிப்புகளின் கெர்னல், நம்பகமான கையொப்பம் இல்லாத மாட்யூலை ஏற்பதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ், பிராட்காமின் 'டபிள்யூஎல்' ஆகியவற்றின் மாட்யூல்கள் பயனர் கணினியிலேயே தொகுக்கப்படுவதால் இதில் சிக்குகின்றன. சாவி நிராகரிக்கப்பட்டது, அனுமதி இல்லை என்ற பொருளில் பிழை வரும். நிர்வாகி உரிமையுடன் கட்டளை இட்டாலும் அதே பிழைதான் வரும் என்பதே பலரைக் குழப்புகிறது. மாட்யூலுக்குக் கையொப்பமிட்டு, அதற்குரிய சாவியை 'மோக்யூட்டில்' மூலம் பதிவுக்கு அனுப்பி, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அப்போது தோன்றும் நீலத்திரை சில நொடிகளே காத்திருக்கும். அதைத் தவறவிட்டால் சாவி பதிவாகாது. அனுப்புவதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். செக்யூர் பூட்டையே நிறுத்திவிடுவது எளிய வழி. ஆனால் அது தரும் பாதுகாப்பும் போய்விடும்.

பழைய கணினிகளில் தடைப்பட்டியல் காரணமாகலாம். இது 'ஈடிசி' அடைவின் 'மோட்புரோப்.டி' உள்ளடைவில் உள்ள கோப்புகளில் எழுதப்படுகிறது. டெபியன் வழிவந்த பதிப்புகளில் 'டபிள்யூஎல்' தொகுப்பு, தன்னோடு மோதும் 'பி43' மாட்யூலைத் தடைசெய்யும் கோப்பு ஒன்றையும் வைக்கும். தொகுப்பை 'ரிமூவ்' கொண்டு நீக்கினால் அமைப்புக் கோப்பு தங்கிவிடும். 'பர்ஜ்' கொடுத்தால்தான் அதுவும் போகும். எனவே இயக்கியை மாற்றியபின் இரண்டுமே இயங்காத நிலை ஏற்படலாம். 'பிளாக்லிஸ்ட்' என்ற வரி தானாக ஏறுவதை மட்டுமே தடுக்கும். பெயர் சொல்லி 'மோட்புரோப்' கொடுத்தால் மாட்யூல் ஏறும். ஏறினால் தடை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சில தடைகள் லினக்ஸுக்கு வெளியே இருக்கும். இன்டெல் கணினியில் 'கேவிஎம்' மெய்நிகராக்க மாட்யூல் ஏற மறுத்து, பயாஸில் முடக்கப்பட்டுள்ளதாகப் பதிவு சொன்னால், பயாஸ் திரையில் மெய்நிகராக்க வசதியை இயக்க வேண்டும்.

மாட்யூலின் வடிவம் தவறு என்ற செய்தி, அது வேறு கெர்னல் பதிப்புக்காகத் தொகுக்கப்பட்டதைக் காட்டும். 'யூநேம் -ஆர்' தரும் பதிப்பையும் 'மோட்இன்ஃபோ' காட்டும் 'வெர்மேஜிக்' வரியையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஓடும் கெர்னலுக்குரிய தலைப்புக் கோப்புகளை நிறுவி மாட்யூலை மீண்டும் தொகுக்க வேண்டும். டிகேஎம்எஸ் வழி நிறுவிய மாட்யூல்களுக்கு, தலைப்புக் கோப்புகள் இருந்தால், கெர்னல் புதுப்பிப்பின்போது இது தானாகவே நடக்கும்.