கார்டைக் கொடுத்தால் 500 வெள்ளி. வழக்கு வந்தால் யார் பெயரில்?

"தம்பி, உன் பேங்க் கார்டு சும்மாதானே கிடக்கு? ரெண்டு மாசத்துக்குக் கொடு, 500 வெள்ளி தர்றேன்."

எஸ்.பி.எம். முடித்து வேலை தேடும் பிள்ளையிடம் இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவராக இருப்பதில்லை. பழைய பள்ளித் தோழன், பக்கத்துத் தாமான் அண்ணன், சில வீடுகளில் சொந்த மாமாவே கேட்கிறார். கணக்கில் 20 வெள்ளிகூட இல்லை, கொடுத்தால் என்ன போய்விடும் என்று பிள்ளையும் கொடுத்துவிடுகிறது.

அந்தக் கார்டும் ரகசிய எண்ணும் மோசடிக் கும்பலின் கைக்குப் போகின்றன. "நீதிமன்றத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் மீது கைது ஆணை இருக்கிறது" என்று ஓய்வுபெற்ற ஒருவரை மிரட்டிப் பறிக்கும் பணம் முதலில் இந்தக் கணக்கில் விழும். சில நிமிடங்களில் அது வேறு கணக்குகளுக்குத் தாவிவிடும். போலீஸ் தடம் பிடித்துப் போனால் முதலில் கிடைப்பது கார்டைக் கொடுத்த பிள்ளையின் பெயர்தான். பிறர் சுமையைத் தூக்குவதால் இதை மலாயில் 'அக்காவுன் கெல்டாய்', அதாவது கழுதைக் கணக்கு என்கிறார்கள்.

குற்றவியல் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, இத்தகைய கணக்குகளுக்கென்றே 424ஏ முதல் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. கணக்கைப் பிறர் கையில் ஒப்படைப்பதே இப்போது குற்றமாகலாம். பணமோசடித் தடுப்புச் சட்டமான 'அம்லா'வின் கீழ் வழக்கு போனால் 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

கேட்பவர்கள் நேராகக் கார்டைத்தான் கேட்பார்கள் என்றும் இல்லை. "வேலைக்கு எடுக்கிறோம், சம்பளத்துக்குப் புதுக் கணக்கு திற, கார்டை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்" என்பார்கள். உங்கள் பெயரில் நிறுவனம் பதிந்து அதற்கும் கணக்கு திறக்கச் சொல்வார்கள். "உன் கணக்குக்குப் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடு" என்பதும் இதே கதைதான். வருமானமே இல்லாத பிள்ளையின் கணக்கில் பல ஆயிரம் வந்து போயிருந்தால் பெற்றோர் உட்கார்ந்து பேச வேண்டும்.

கார்டை ஏற்கெனவே கொடுத்தாயிற்றா? உடனே வங்கியை அழைத்துக் கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே போலீஸ் புகார் செய்யுங்கள். எந்த நிலையத்திலும் செய்யலாம். கேட்டவரின் வாட்ஸ்அப் செய்திகளைப் பயத்தில் அழித்துவிடாதீர்கள். பிள்ளையின் தரப்பைச் சொல்ல அவைதான் உதவும்.

பணத்தை இழந்தவர்கள் 997-ஐ அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் இது. போலீஸ், பேங்க் நெகாரா, வங்கிகள் எல்லாம் இதில் சேர்ந்து வேலை செய்வதால், பணம் இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் இருந்தால் மடக்கப் பார்ப்பார்கள். சொந்த பந்தத்தைக் கூட்டி ஆலோசித்துவிட்டு மறுநாள் அழைத்தால் பணம் கைமாறியிருக்கும். நம்மவர்களில் பலர் தாமதிப்பது 'வெளியே தெரிந்தால் மானம் போகும்' என்றுதான். அதைவிட அதிகமாக, கேட்டவன் சொந்தக்காரன் என்பதால்.

தெரியாத கணக்குக்குப் பணம் போடுமுன் போலீசின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ தட்டிப் பாருங்கள். அதன் மீது புகார் பதிவாகியிருந்தால் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் நல்ல கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நேற்றுத்தான் ஒரு பிள்ளையிடம் வாங்கிய கார்டாகவும் அது இருக்கலாம்.