பழைய துப்பாக்கி பொய் சொல்லாது

செம்பூரில் நம்மவர் வீடுகளில் வீணை இருக்கும், மிருதங்கம் இருக்கும். துப்பாக்கி இருக்குமோ? எங்கள் வீட்டில் இருக்கிறது. பயப்பட வேண்டாம், பத்து மீட்டர் போட்டிக்கான காற்றுத் துப்பாக்கிதான்.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குத் தேறிய அஞ்சலி பாகவத் பயிற்சி பெற்றது நம் வர்லியில், மகாராஷ்டிரா ரைஃபிள் சங்கத்தின் தளத்தில். அவர் கதையைக் கேட்டதிலிருந்து என் மகளுக்கும் அதே ஆசை. வெளிநாட்டுத் துப்பாக்கி புதிதாக வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும். மாதச் சம்பளக்காரன் என்ன செய்வேன்? விளையாட்டை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து பழைய ஜெர்மன் ஃபைன்வெர்க்பாவ் 300 ஒன்றை வாங்கி வந்தேன்.

"எல்லாரும் புதுசு வெச்சிருக்காங்கப்பா. இதுல எப்படிப் பத்து விழும்?" மகள் கண் கலங்கினாள். எனக்கும் உள்ளூர உதைப்புதான். பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர், குண்டின் விட்டமே 4.5 மில்லிமீட்டர்!

பயிற்சியாளர் சிரித்தார். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் வைத்து ஐந்து முறை சுட்டார். அட்டையில் ஒரே ஓட்டை!

பிறகு விளக்கினார். ஸ்பிரிங் துப்பாக்கியில், குண்டு வெளியேறுமுன்பே ஸ்பிரிங் பாய்ந்து துப்பாக்கியை உலுக்கிவிடும். இதிலோ குழலும் இயந்திரமும் சேர்ந்து தண்டவாளம் போன்ற அமைப்பில் சற்றே பின்னால் வழுக்குகின்றன. உதைப்பு தோளுக்கு வருவதில்லை. 1970-களில் உலகப் போட்டிகளில் இது கொடிகட்டிப் பறந்ததன் ரகசியம் அதுவே. ஈயக் குண்டு மெதுவானது என்பதால் குழல் எளிதில் தேயாது. ஸ்பிரிங்கும் சீலும் தளர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். புதியவற்றின் காற்று உருளைக்கோ பத்தாண்டுக் கெடு உண்டு.

குறையும் உண்டு. இதில் குண்டு வெளியேறச் சற்று அதிக நேரமாகும். விசையை இழுத்த பிறகும் அசையாமல் நிற்க வேண்டும். பெரிய போட்டிகளில் இன்று எல்லோரும் அழுத்தக் காற்றுத் துப்பாக்கிக்கு மாறிவிட்டார்கள். "ஆனா கத்துக்க இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது" என்றார் அவர்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் வெகுநேரம் பேசவில்லை. மாதுங்கா தாண்டியதும் மெல்லச் சொன்னாள்: "அப்பா, இனிமே துப்பாக்கி மேல பழி போட முடியாது, இல்ல?"

அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துக் குறி வைத்து நிற்கிறாள். மும்பை மழையில் துரு ஏறாமல் எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பது என் பொறுப்பு.