சாம்பலும் வெண்மையும்

அறிவுக்கு இருப்பிடம் மூளையிலுள்ள சாம்பல் நிறப் பொருளே என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லுவதுண்டு. இது பாதி உண்மையே ஆகும். பெருமூளையை அறுத்துப் பார்த்தால் இரு நிறங்கள் புலப்படும். மேலே சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ள சாம்பல் நிறப் போர்வை. அதன் உள்ளே வெண்ணிறத் திரள். தண்டுவடத்திலோ இவ்வமைப்பு தலைகீழாகும்: சாம்பல் உள்ளே, வெண்மை வெளியே.

நிறம் வேறுபடுவது ஏன்? சாம்பல் நிறப் பகுதியில் நரம்பணுக்களின் உடல்கள் நெருங்கி அமைந்துள்ளன. செய்திகளை ஏற்று, ஒப்புநோக்கி, முடிவு செய்யும் வேலை பெரும்பாலும் அங்கே நடைபெறுகிறது. வெண்ணிறப் பகுதியில் அந்த அணுக்களிலிருந்து நீளும் இழைகள் கற்றை கற்றையாக ஓடுகின்றன. அவற்றுள் பலவற்றை மயலின் என்னும் கொழுப்புறை சுற்றியுள்ளது. அக்கொழுப்பே வெண்மைக்குக் காரணம். 1854-ஆம் ஆண்டில் அவ்வுறைக்கு இப்பெயரை இட்டவர் ஜெர்மானிய அறிஞர் விர்ஹோ.

உறை வெறும் போர்வையன்று. அதில் இடையிடையே சிறு இடைவெளிகள் உள்ளன. செய்தி ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவிச் செல்லுகிறது. உறையற்ற மெல்லிய இழையில் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் செல்லும் செய்தி, உறையுள்ள பருத்த இழையில் 100 மீட்டருக்கு மேலும் விரையும்.

ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு வழியின் அருமை தெரியும். கடிதம் எழுதுபவர் நலமாயிருந்தும், பாதை அறுந்தால் கடிதம் வந்து சேராது. 1868-இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விளக்கிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயில் நேர்வது ஏறக்குறைய இதுவே. உடலின் காப்புப் படையே மயலின் உறையைத் தாக்கி அழிக்கிறது. அணு உயிரோடிருந்தும் அதன் கட்டளை தாமதப்படும் அல்லது நின்றுவிடும். ஒரு கண் மங்கலாம், கால் தடுமாறலாம், காரணம் தெரியாத கடுஞ்சோர்வு வாட்டலாம். சில வாரங்களில் குறி தணிவதும் உண்டு. அதனால் நோய் நீங்கியதென்று பலர் இருந்துவிடுகின்றனர். சோர்வைச் சோம்பல் என்று உற்றார் கடிந்துகொள்ளுகின்றனர். இரண்டும் தவறு. இந்நோயை வேரறுக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் மீண்டும் மீண்டும் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அவற்றைத் தொடக்கத்திலேயே மேற்கொள்ளுவது நன்று. ஆகவே, பார்வை மங்கித் தானே தெளிந்தாலும் நரம்பியல் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

எண்ணுவது சாம்பல், எண்ணியதை உரிய இடத்தில் சேர்ப்பது வெண்மை. இரண்டும் கூடியே நாம் நாமாக இயங்குகிறோம்.