ஆப் எழுதப் புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டுமா?

ஜூன் பிறந்தால் போதும், அபிராமபுரம் அடுக்குமாடிகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். "பொண்ணு ஆண்ட்ராய்டு ஆப் எழுதக் கத்துக்கப் போறாளாம். இருக்கிற லேப்டாப் ஆகாது, புதுசு வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. நிஜமாவே வேணுமா சார்?" பெரும்பாலும் வேண்டியிருக்காது. வேண்டுமா வேண்டாமா என்பதைக் கடைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். கடைக்காரரைக் கேட்டால் என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்? ஆண்ட்ராய்டு போனுக்குச் செயலி எழுத கூகுள் தரும் மென்பொருளின் பெயர் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. 2013 மே மாதம் அறிவித்தார்கள். 2014 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வந்தது. பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது பல. நிரலை எழுதும் இடம் ஒன்று. எஸ்டிகே (ஆண்ட்ராய்டுக்கு எழுதத் தேவையான அடிப்படைக் கோப்புகளின் தொகுப்பு) இன்னொன்று. எழுதியதையெல்லாம் கோத்துச் செயலியாக மாற்றித் தரும் கிரேடில் என்ற கருவி மூன்றாவது. அப்புறம் எமுலேட்டர் (கணினித் திரைக்குள்ளேயே ஓடும் போலிப் போன்). இந்தக் கடைசி ஆளைத்தான் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செலவை இழுத்துவிடுவது அதுதான்.

காசு கட்ட வேண்டுமா? வேண்டாம், முழுக்க இலவசம். எழுதி முடித்த செயலியைப் பிளே ஸ்டோரில் ஏற்றும் நாள் வந்தால் ஒரே ஒரு தடவை 25 டாலர் பதிவுக் கட்டணம். அதற்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

சரி, என்ன கேட்கிறார்கள்? கூகுள் வெளியிட்டிருக்கும் கணக்குப்படி, எமுலேட்டர் இல்லாமல் ஸ்டூடியோ மட்டும் என்றால் குறைந்தது 8 ஜிபி ரேம் (கணினி வேலை செய்யும்போது எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்), வட்டில் 8 ஜிபி காலி இடம். எமுலேட்டரும் சேர்ந்தால் இரண்டுமே 16 ஜிபி. தாராளமாக ஓட வேண்டுமென்றால் 32 ஜிபி ரேம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள்.

குறைந்தபட்சம் என்று போட்டிருந்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது? மென்பொருள் திறக்கும் என்று புரிந்துகொள்ளுங்கள். நிம்மதியாக வேலை நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. 8 ஜிபி இருந்தாலும் அது முழுக்க ஸ்டூடியோவுக்குக் கிடைக்காது. விண்டோஸ் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். குரோமில் பத்து டேப் திறந்திருந்தால் அது ஒரு பங்கு. புதிதாகத் தொடங்கும் எந்தத் திட்டத்திலும் கிரேடிலுக்கு 2 ஜிபி வரை எடுத்துக்கொள்ள அனுமதி எழுதியே வைத்திருக்கும். இத்தனைக்கும் மேல் எமுலேட்டரை ஏற்றினால், ரெண்டு பேர் படுக்கிற அறையில் கல்யாணத்துக்கு வந்த சனமெல்லாம் பாய் விரித்த கதைதான்.

ரேம் நிரம்பிவிட்டால் கணினி நின்றுவிடுமா? நிற்காது, அதுதான் தொல்லை. மிச்சத்தை வட்டில் எழுதி எழுதி எடுக்கும். வட்டு பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் மவுஸ் கூட நகராது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். எஸ்எஸ்டி (சுழலாத, மின்னணுச் சில்லால் ஆன வேகமான வட்டு) என்றால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

அப்படியென்றால் 16 ஜிபி வாங்கித்தானே ஆக வேண்டும்? இல்லை. எமுலேட்டரையே விட்டுவிடுங்கள். போலிப் போன் எதற்கு, அலமாரியில் நிஜப் போன் ஒன்று சும்மா கிடக்கும்போது? செயலியை நிஜப் போனில் ஓட்டிப் பார்க்க ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ முதலிலிருந்தே இடம் கொடுத்திருக்கிறது. எமுலேட்டரின் பாரம் போனுக்குப் போய்விடுவதால் 8 ஜிபி லேப்டாப் மூச்சு வாங்காது. உங்கள் செலவைத் தீர்மானிக்கப்போகும் ஒரே விஷயம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போனில் செட்டிங்ஸ் போய், 'போனைப் பற்றி' என்ற பகுதியைத் திறங்கள். பில்ட் நம்பர் என்று ஒரு வரி இருக்கும். சில கம்பெனிப் போன்களில் அதன் பெயரும் இடமும் மாறும். அதை ஏழு தடவை தட்டுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஏழு தடவைதான். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்று புதிய பட்டியல் முளைக்கும். அதற்குள் யூஎஸ்பி டீபக்கிங் என்பதை இயக்கிவிட்டு, கேபிளால் லேப்டாப்பில் இணையுங்கள். இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். சரி என்றால் ஸ்டூடியோவின் மேல்பட்டையில் உங்கள் போனின் பெயர் வந்துவிடும்.

வரவில்லையா? முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகிற கேபிள்கள் ஏராளம். தகவல் போகும் கம்பி அவற்றில் இருக்கவே இருக்காது. வேறு கேபிளை மாற்றிப் பார்த்தும் விண்டோஸ் கண்டுகொள்ளாவிட்டால், அந்தப் போன் கம்பெனியின் யூஎஸ்பி டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டு 11-இலிருந்து கேபிளே இல்லாமல் வைஃபை வழியாகவும் இணைக்கலாம்.

தினமும் கையில் வைத்திருக்கும் போனில் இதைச் செய்யலாமா? செய்யலாம், ஆனால் பழைய போன் இருந்தால் அதையே எடுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் இயக்கத்தில் இருந்தால் சில வங்கிச் செயலிகள் பாதுகாப்பு காரணம் காட்டித் திறக்க மறுக்கும். காய்கறிக் கடையில் நின்றுகொண்டு ஏன் பணம் போகவில்லை என்று முழிக்க வேண்டாம். அப்படி மாட்டிக்கொண்டால் அதே இடத்தில் போய் அணைத்துவிட்டால் சரியாகிவிடும்.

இனி உங்கள் லேப்டாப்பைப் பார்ப்போம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்குங்கள். மேலே மொத்த ரேம் எவ்வளவு என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் முக்கியம்: ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரியில் '2-இல் 1' என்று இருந்தால் ஒரு இடம் காலி, இன்னொரு ரேம் பட்டை சொருகலாம். அதற்குப் பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டுகிற ரகம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது. அதை மாற்ற முடியாது, வேறு காலி இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதே பக்கத்தில் டிஸ்க்கைச் சொடுக்கினால் உங்களுடையது எஸ்எஸ்டியா ஹார்டு டிஸ்க்கா என்று தெரியும்.

அந்தத் திரையைப் போனில் படமெடுத்துக்கொண்டு, கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போங்கள். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்துவிடலாம். உங்கள் மாடல் எண், ரேம் ரகம் டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ, இரண்டும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். ஒரு ரகத்துக்கு இன்னொரு ரகம் பொருந்தவே பொருந்தாது, ஆகவே உத்தேசமாக வாங்காதீர்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் முதல் காசை எஸ்எஸ்டிக்குப் போடுங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கல்லூரியில் அரசு கொடுத்த லேப்டாப் ஆகுமா? தமிழக அரசு 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. குறைந்தபட்சக் கோட்டில் சரியாக நிற்கிறது. போனை இணைத்து ஓட்டினால் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். 2011-இல் தொடங்கிய முந்தைய திட்டத்தின் ஆரம்ப ஆண்டு லேப்டாப்கள் இதற்குத் தாங்காது.

256 ஜிபியில் இடம் போதுமா? கூகுள் கேட்பது 8 அல்லது 16 ஜிபிதான். ஆனால் இந்த மென்பொருள் போட்ட இடத்தில் சும்மா இருக்காது, வளரும். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் ஒரு எஸ்டிகே, ஒவ்வொரு எமுலேட்டருக்கும் பல ஜிபி, கிரேடில் இறக்கிச் சேர்த்து வைக்கும் கோப்புகள் எல்லாம் கேட்காமலே சி டிரைவில் உங்கள் பெயருள்ள போல்டருக்குள் போய்ச் சேரும். சி டிரைவில் 40 ஜிபியாவது காலியாக வைத்துக்கொண்டு தொடங்குவது என் கணக்கு. டி டிரைவில் இடம் இருந்தால், நிறுவும்போதே எஸ்டிகே போகவேண்டிய இடத்தை அங்கே மாற்றிக் கொடுங்கள்.

போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கிவிடலாமா? ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, 2 ஜிபி என்று பேக் போட்டிருப்பவர்களுக்கு இங்கேதான் இடி. நிறுவும் கோப்பு மட்டுமே ஒரு ஜிபியைத் தாண்டும். அதைத் திறந்ததும் எஸ்டிகே இறங்கும். முதல் திட்டத்தைத் தொடங்கியதும் கிரேடில் தன் பங்குக்கு இறக்கும். பாதியில் நெட் நின்றால் சிவப்பு எழுத்தில் ஏதோ பிழை வரும். படிப்பவர் தான் எழுதிய நிரலில்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். வீட்டு பிராட்பேண்டில் செய்யுங்கள். இல்லையென்றால் பிராட்பேண்ட் உள்ள உறவினர் வீட்டில் ஒரு மாலைப் பொழுது உட்காருங்கள். பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கும் நாளில் தொடங்காதீர்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் வைஃபை பெட்டி ஓடாது.

விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன், மாற்ற வேண்டுமா? ஸ்டூடியோ அதிலும் ஓடும். ஆனால் 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்று சொன்னால் உபுண்டு போன்ற லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம்; ஸ்டூடியோ அதிலும் இலவசம்தான், பழைய லேப்டாப்பில் ஓட்டமும் கொஞ்சம் லேசாக இருக்கும். எதுவானாலும் 64 பிட் ஆக இருக்க வேண்டும். ஆப்பிள் மேக் இருந்தால் எம்1 சில்லிலிருந்து எல்லாமே நன்றாக ஓடும். ஐபோனுக்குச் செயலி எழுத ஆசை என்றால் அதற்கு எக்ஸ்கோட் என்ற வேறு மென்பொருள். அது மேக்கில் மட்டும்தான் ஓடும்.

ஜாவா தனியாகப் போட வேண்டுமா? பல பயிற்சி நிலையங்களின் பழைய நோட்டுகளில் முதல் பக்கமே அதுதான். இப்போது வேண்டாம், தேவையான ஜாவா ஸ்டூடியோவுக்குள்ளேயே வருகிறது.

போல்டர் பெயரில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆசையாக 'என் செயலி' என்று தமிழில் போல்டர் வைத்து அதற்குள் திட்டத்தைத் தொடங்கினால், பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருக்கிறது என்று சொல்லி விண்டோஸில் கிரேடில் நின்றுவிடும். லேப்டாப்பின் பயனர் பெயரே தமிழில் இருந்தாலும் இதே வம்பு. சி டிரைவில் இடைவெளி இல்லாத ஒரு சின்ன ஆங்கிலப் பெயரில் போல்டர் வைத்துக்கொள்ளுங்கள். செயலியின் திரைக்குள் எவ்வளவு தமிழ் வேண்டுமானாலும் எழுதலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் எமுலேட்டர் வேண்டும் என்பவர்கள் டாஸ்க் மேனேஜரில் சிபியூவைச் சொடுக்கி, வெர்ச்சுவலைசேஷன் (ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டும் வசதி) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயாஸில் (கணினி கண்விழித்ததும் முதலில் ஓடும் அமைப்புப் பக்கம்) போய் இயக்க வேண்டும். இதற்காகப் புது ரேம் வாங்கிவிட்டு, இந்தச் சுவிட்சைப் போடாமல் எமுலேட்டர் ஓடவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையா? 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. பட்ஜெட் இடித்தால் 8 ஜிபியோடு ஒரு காலி ஸ்லாட் உள்ள மாடல். விளையாட்டுக்கான தனி கிராஃபிக்ஸ் கார்டுக்கு இந்த வேலைக்காகக் காசு கொடுக்காதீர்கள். ஸ்நாப்டிராகன் சில்லு உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் மட்டும் கை வைக்கும் முன், ஸ்டூடியோவின் தேவைப் பட்டியலில் அந்த ரகத்தைச் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பது 4 ஜிபி, இப்போதைக்கு ஒரு ரூபாயும் போட முடியாது என்றால்? ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை அதில் ஏற்றி மல்லுக்கட்ட வேண்டாம். ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதப்படும் கோட்லின் மொழியைப் பிரௌசரிலேயே எழுதி ஓட்டிப் பார்க்க கோட்லின் பிளேகிரவுண்ட் என்ற இலவசத் தளம் இருக்கிறது. எதையும் நிறுவ வேண்டாம். வலைப்பக்கம் எழுதிப் பழக விஎஸ் கோட் என்ற மென்பொருள் போதும், அது கேட்பது 1 ஜிபி ரேம்தான். முதல் இரண்டு மூன்று மாதம் படிக்க வேண்டியது எப்படியும் மொழிதான், அதற்குள் ரேமுக்குக் காசு சேர்ந்தாலும் சேரும்.