குப்பைத் தொட்டி எடுத்த கணக்கு

லண்டனின் வங்கிகள் நிறைந்த 'சிட்டி' பகுதி நடைபாதைகளில், விளம்பரத் திரை பொருத்திய குப்பைத் தொட்டிகள் இருந்தன. அவற்றில் 12 தொட்டிகள், கடந்து போகிறவர்களின் செல்போன்களை ரகசியமாகக் குறித்துவைத்தது 2013 ஆகஸ்டில் அம்பலமானது. யாரும் எந்தச் செயலியையும் நிறுவவில்லை. யாரிடமும் ஒப்புதல் கேட்கப்படவுமில்லை.

வைஃபை இயக்கத்தில் உள்ள செல்போன், சட்டைப்பையில் கிடக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் இணைப்பு ஏதும் உண்டா என்று ரேடியோ அலையில் அடிக்கடி விசாரித்தபடி இருக்கும். அப்படி விசாரிக்கும்போது, அன்றைய செல்போன்கள் 'மேக் முகவரி' என்ற தங்கள் அடையாள எண்ணையும் சேர்த்தே அனுப்பின. 48 பிட் நீளமுள்ள அந்த எண்ணின் முதல் பாதி, தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். மறுபாதி அந்தக் கருவியை. ஒரே எண் காலையில் ரயில் நிலைய வாசலிலும் மதியம் ஓர் உணவகத்தின் முன்பும் பதிவானால், அந்த ஆளின் நடமாட்டம் பிடிபட்டுவிடும்.

"பெயரைச் சேகரிக்கவில்லையே" என்பது இதற்கெல்லாம் வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். அது செல்லாது. அதே 2013-ல் ஆய்வாளர் த மோன்ஜ்வா குழுவினர் 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் இடப்பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கு தகவல்கள் கிடைத்தாலே போதும், 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்தெடுத்துவிடலாம் என்று தெரிந்தது. வீடு, அலுவலகம், பிள்ளையின் பள்ளி, வாராவாரம் போகும் மருத்துவமனை. நான்கு ஆயிற்று!

சுற்றியுள்ள பொருள்களிலெல்லாம் கணினி இருக்கும் 'எங்கும் கணினி' என்ற கனவை 1991-ல் முன்வைத்த கணினி அறிவியலாளர் மார்க் வைசரே, அதில் அந்தரங்கம்தான் பெரிய சிக்கல் என்று அப்போதே எச்சரித்திருந்தார். தெருவில் உள்ள ஒவ்வொரு தொட்டியும் கம்பமும் ஒப்புதல் கேட்டால் மனிதர் நடமாட முடியாது. கேட்காமல் எடுப்பதோ அநியாயம். ஆகவே காப்பு கருவிக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

லண்டனில் நகர நிர்வாகம் அந்தக் கணக்கெடுப்பை நிறுத்தச் சொன்னது. ஆனால் உருப்படியான மாற்றம் செல்போனுக்குள்தான் நடந்தது. 2014-ல் ஆப்பிளின் ஐஓஎஸ் 8, இணைப்பைத் தேடும்போது தற்காலிக எண்ணைக் காட்டத் தொடங்கியது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, இணைப்பில் சேரும்போதும் மாற்று எண்ணையே இயல்பாகக் காட்டியது.

உங்கள் செல்போனின் வைஃபை அமைப்புகளில் 'ரேண்டமைஸ்டு மேக்' அல்லது 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' இயக்கத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் செல்போனையும் வாங்கிப் பாருங்கள்.